மூன்றாவது பிளக்

"கார் சாவிய ஏம்மா அந்த ஆள்கிட்டக் குடுத்தீங்க?" என்று கேட்டார் மாசிலாமணி.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எந்த ஆள்கிட்ட?"

"வேலாயுதத்துக்கிட்டத்தான்."

"அவர் நல்லா ஓட்டுறாரே."

"ஓட்டக் கத்துக்குடுத்ததே நான்தாங்கம்மா!"

"அதான் நல்லா ஓட்டுறார்" என்றார் அம்மா.

இதற்கு மேல் ஒரு மனிதன் என்னத்தைக் கேட்பது? மாசிலாமணிக்கு வயிறுதான் எரிந்தது.

*

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு அம்மாதான் எல்லாம். வயதில் மாசிலாமணியைவிட இளையவர். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். மாசிலாமணி அவரை அம்மா என்பார். ஞானம் வயது பார்த்து வருவதில்லை என்பதில் மாசிலாமணிக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் ஓட்டுநர் இருக்கை அனுபவம் பார்த்துத்தானே வரவேண்டும்? அவர் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆசிரமத்துப் பழைய அம்பாசிடர் அவர் கை பட்டால் பசுமாடு மாதிரி நிற்கும்.

வேலாயுதம் தையல்காரர். போன பொங்கலுக்குப் பிறகு வந்து சேர்ந்தவர். கிளட்ச் எந்தக் கால், பிரேக் எந்தக் கால் என்று கேட்டவர். அம்மா சொன்னார் என்பதற்காக மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொடுத்தார்.

கற்றுக்கொண்டதும் சாவி அங்கே போய்விட்டது.

இப்போதெல்லாம் அம்மா வெளியே கிளம்பினால் வேலாயுதம்தான் ஓட்டுகிறார். மாசிலாமணி வாசலில் நின்று கேட்டைத் திறக்கிறார். காருக்குள்ளே அம்மா என்னவோ சொல்ல, வேலாயுதம் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டிக்கொண்டு போவார். அந்தத் தலையாட்டலைத்தான் மாசிலாமணியால் தாங்க முடியவில்லை.

*

அன்று கீரையை ஆய்ந்து முடித்ததும் அம்மா சொன்னார்:

"அண்ணா, வண்டி காலைல கிளம்ப அடம் பிடிக்குது. ஸ்பார்க் பிளக் நாலையும் மாத்திடுங்க. ஞாயித்துக்கிழமை மலைமேல கூட்டம் இருக்கு."

"யார் ஓட்டுறது?"

"வேலாயுதம்."

மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

*

டவுனில் உதிரி பாகக் கடைக்கு வேலாயுதமும் பை தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வரவேண்டாம் என்றாலும் கேட்கிற ஆளில்லை.

கடைக்காரர் பளபளவென்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"இரிடியம் பிளக் சார். புது வண்டிக்கெல்லாம் இதான் போவுது. ஆயுசுக்கும் கவலையில்ல."

"இதையே வாங்கிருவமா அண்ணே?" என்றார் வேலாயுதம்.

மாசிலாமணி பையிலிருந்த பழைய பிளக்கை எடுத்து, புதியதன் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். புதியதில் திருகு மரை அரை விரற்கடை கூடுதல் நீளம்.

"இத மாட்டினா உள்ள பிஸ்டன்ல போய் இடிக்கும். இன்ஜினே போச்சு."

"அய்யய்யோ!"

"அந்தக் காலத்து இன்ஜினுக்கு அந்தக் காலத்துப் பிளக்குதான். சாதாரணம் போதும். நம்பர் மட்டும் மாறக்கூடாது."

கடைக்காரர் முனகிக்கொண்டே உள்ளே போய், தூசி தட்டி நாலு பிளக் கொண்டுவந்தார்.

"உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல அண்ணே" என்றார் வேலாயுதம். மனதாரத்தான் சொன்னார். அது மாசிலாமணிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எதிரி என்றால் கொஞ்சமாவது கெட்டவனாக இருக்க வேண்டாமா?

*

சனிக்கிழமை மத்தியானம் கார் கொட்டகையில் மாசிலாமணி தனியாக உட்கார்ந்தார்.

புதுப் பிளக் என்று அப்படியே மாட்டிவிட முடியாது. மேலே வளைந்து நிற்கும் கம்பிக்கும் நடுவிலுள்ள முனைக்கும் இடையே பொறி தாண்ட வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி வேறு. ஃபீலர் கேஜ் என்ற தகட்டுக் கொத்தில் அதற்கென்று ஒரு மெல்லிய தகடு உண்டு. தகட்டை நுழைத்து இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வரவேண்டும், நனைந்த விரலிலிருந்து மோதிரம் வருவதுபோல.

முதல் பிளக்கைச் சரி பார்த்தார். மாட்டினார். இரண்டாவது. மாட்டினார்.

மூன்றாவதைக் கையில் எடுத்தபோது கிணற்றடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அம்மாவும் வேலாயுதமும்.

என்னோடு எப்போதாவது இப்படிச் சிரித்திருக்கிறாரா?

நினைத்து நினைத்துப் பார்த்தார். இல்லை. இவ்வளவு வருஷத்தில் ஒரு நாளும் இல்லை.

கம்பியை நெம்பினார். தகடு தொளதொளவென்று நுழைந்தது. இன்னும் கொஞ்சம் நெம்பினார்.

சமதரையில் ஒன்றும் தெரியாது. மேட்டில் இன்ஜின் திணறும்போது அந்தப் பிளக்கில் பொறி தாண்டாது. வண்டி குலுங்கும். ஓட்டுகிறவனுக்குக் கை கால் உதறும். அப்புறம் அம்மாவே, "அண்ணாவைக் கூப்பிடுங்க" என்பார்.

மாட்டி இறுக்கினார். நாலாவதை ஒழுங்காகச் செய்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா, "அண்ணா, நீங்களும் வாங்க" என்றார்.

மாசிலாமணி இதை எதிர்பார்க்கவில்லை.

"நான் எதுக்கும்மா? கேட்டைப் பாத்துக்கறேன்."

"கேட் எங்கயும் ஓடாது."

பின் சீட்டில் அம்மா. மாசிலாமணி முன்னால் ஏறிக்கொண்டார், வேலாயுதத்தின் கியர் மேல் ஒரு கண் வைப்பதற்காக.

அடிவாரம் வரைக்கும் வண்டி பட்டுப் போல ஓடியது.

"புதுப் பிளக் போட்டதும் எப்படிப் போவுது பாருங்கம்மா" என்றார் வேலாயுதம். "எல்லாம் அண்ணன் கைராசி."

மாசிலாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலை ஏற ஆரம்பித்தது. முதல் வளைவில் ஒரு சின்னக் குலுக்கல். இரண்டாவதில் இன்னும் பலமாக. மூன்றாவது கொண்டை ஊசி வளைவின் நடுவில் இன்ஜின் இருமி இருமி நின்றேபோனது.

வண்டி பின்னால் நகர்ந்தது.

பின்னால் ஒரு லாரி. பக்கத்தில் பள்ளம்.

"பிரேக்க மிதிய்யா!" என்று கத்திக்கொண்டே மாசிலாமணி கதவைத் திறந்து குதித்தார். கையில் அகப்பட்ட கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். வண்டி நின்றது. லாரியும் நின்றது. பிறகுதான் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

உள்ளே அம்மா கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

லாரிக்காரர்கள் இறங்கி வந்து, வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

வேலாயுதம் வெளியே வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"எனக்கு ஓட்ட வரலம்மா. அம்மாவ வெச்சுக்கிட்டு நான் இந்த வேலைக்கே வந்திருக்கக் கூடாது. அண்ணே, இந்தாங்க."

சாவியை நீட்டினார்.

நினைத்தது நினைத்தபடியே நடந்துவிட்டது. ஆனால் மாசிலாமணியால் கையை நீட்டி அதை வாங்க முடியவில்லை. இந்த வண்டி சரியாக வேண்டும், அம்மா பத்திரமாகப் போக வேண்டும், அவ்வளவுதான் மனசில் இருந்தது. டிக்கியிலிருந்த கருவிப் பையை எடுத்துவந்து பானெட்டைத் தூக்கினார். துண்டைச் சுற்றிக்கொண்டு மூன்றாவது பிளக்கின் வயரைப் பிடுங்கினார். ஸ்பேனர் போட்டுக் கழற்றினார். கம்பியைத் தட்டி, தகட்டை விட்டுப் பார்த்து, திரும்ப மாட்டி இறுக்கினார்.

"அவ்வளவுதான். ஸ்டார்ட் பண்ணுங்க."

வேலாயுதம் அசையவில்லை. பிரமித்துப்போய் நின்றார்.

"அண்ணே, பெட்ரோல் வருதான்னுகூடப் பாக்கல. முதல் பிளக்கக் கழட்டல, ரெண்டாவதத் தொடல. நேரா மூணாவது! எப்படிண்ணே?"

மாசிலாமணி கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சத்தத்துலயே தெரியும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேண்ணே. எனக்கும் சொல்லிக்குடுங்க. நாளைக்கு நீங்க இல்லாத நேரம் இப்படி ஆச்சுன்னா?"

பின் கதவு திறந்தது. அம்மா இறங்கி வந்து நின்றார்.

"சொல்லிக்குடுங்க அண்ணா. நானும் கேட்டுக்கறேன்."

இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஒருவர் தெரிந்துகொள்ளும் ஆசையில். இன்னொருவர் எதற்காக என்று மாசிலாமணிக்குப் புரிந்துவிட்டது.

"சத்தமெல்லாம் ஒண்ணும் கேக்கல" என்றார் மாசிலாமணி.

"பின்ன?"

"நான்தான் நெம்பி வெச்சேன்."

வேலாயுதத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அந்த முகம் வாடியதைப் பார்க்க முடியாமல் மாசிலாமணி தரையைப் பார்த்தார்.

"எதுக்குண்ணே?"

"வயித்தெரிச்சல்."

"சாவி வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. பள்ளத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அம்மா உள்ள இருந்தாங்களே!"

"தப்புதான். பெரிய தப்பு." மாசிலாமணி கை கூப்பினார். "என்னை மன்னிச்சிருங்க வேலாயுதம். அம்மா, நான் இங்கயே எறங்கிக்கறேன். பஸ் வந்தா ஏறி ஊருக்குப் போயிடறேன்."

அம்மா சாவியை வேலாயுதத்தின் கையிலேயே மடக்கி வைத்தார்.

"அண்ணா, நீங்க ஆசிரமத்துக்கு எதுக்கு வந்தீங்க?"

மாசிலாமணி விழித்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னு வந்தேன்."

"என்ன கேட்டீங்க?"

"எங்கம்மா கேட்டேன்? வந்த அன்னிக்கே டிரைவர் இல்லன்னு சொன்னாங்க. ஸ்டீயரிங்கப் புடிச்சேன்."

"அன்னிலேருந்து நான் உங்க முதுகத்தான் பாத்துக்கிட்டு வர்றேன். கண்ணாடில பாத்தா நீங்க ரோட்டப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. உங்களை எப்படி அந்த எடத்துலேருந்து கிளப்புறதுன்னுதான் வேலாயுதத்துக்கு ஓட்டக் கத்துக்குடுக்கச் சொன்னேன்."

மாசிலாமணி திறந்து கிடந்த பானெட்டை இறக்கி மூடினார்.

"அப்பயும் போய் கேட்டுல நின்னுக்கிட்டீங்க" என்றார் அம்மா.

பின் சீட்டில் ஏறி, உள்பக்கமாக நகர்ந்து இடம் விட்டார்.

மாசிலாமணி வேலாயுதத்தைப் பார்த்தார். வேலாயுதத்தின் முகத்தில் இன்னும் கோபம் இருந்தது. ஆனாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்கண்ணே. கூட்டத்துக்கு நேரமாச்சு."

மாசிலாமணி கறை படிந்த கையோடு ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. இப்போது குலுக்கல் இல்லை, மேட்டில் சீராக ஏறியது.

"கேளுங்க அண்ணா" என்றார் அம்மா.

இவ்வளவு வருஷம் சுமந்துகொண்டு திரிந்த கேள்வி. மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார். எதிரே அடுத்த வளைவு வந்தது.

"வேலாயுதம், செகண்ட் கியர்! செகண்ட் கியர் போடுங்க!"

அம்மா அவர் கை மேல் கை வைத்தார்.

"ரோட்ட அவர் பாத்துக்குவார். நீங்க இங்க வாங்க."