அரசிலையின் வால்

அந்தக் காலத்தில், காக்காயும் மரமும் மனுஷரோடு சரிக்குச் சரி வம்பளந்த நாளில், அரசிலைக்கு வால் கிடையாது. காம்பும் குட்டை. காற்று அடித்தால் ஆடும், இல்லையென்றால் சும்மா கிடக்கும்.

கடலோரத்தில் நாச்சி என்று ஒருத்தி இருந்தாள். அந்த ஊரில் வள்ளம் கடலுக்குப் போனால், கரையில் அந்த வீட்டுப் பட்டம் பறக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் வள்ளம் திரும்பும். அவள் புருஷன் மாசன் போய் மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் காற்று செத்துக் கிடந்தது, பட்டம் மண்ணை விட்டு எழவில்லை. நாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

துளிக் காற்று எழுந்தாலும் தவறவிடக் கூடாது என்று, தானே ஒரு கருவி செய்ய உட்கார்ந்தாள் அந்தப் பிடிவாதக்காரி. கொட்டாங்கச்சியைக் கடல் பார்க்கச் சாய்த்து, உள்ளே கரியால் மூன்று கோடு இழுத்தாள். மூன்றாவதைத் தொட்டால் பட்டம் ஏறும் என்று கணக்கு. தன் தலைமுடி ஒன்றை அதில் கட்டிக் கோழி இறகைத் தொங்கவிட்டாள், வெங்காயச் சருகைத் தொங்கவிட்டாள். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் அரசமரத்திடம் போய் நின்றாள்.

மரம் ஓர் இலையைக் கொடுத்து, காம்பையும் நுனியையும் மெல்ல இழுத்து நீட்டச் சொன்னது. "இதற்குக் காற்றும் ஒன்றுதான், மூச்சும் ஒன்றுதான். எவ்வளவு ஆடுகிறது என்று மட்டும் பார். யார் என்று கேட்டுவிடாதே."

உச்சிப் பொழுது. அடுப்புப் புகை நட்ட கழி மாதிரி நேராக நின்றது. கொட்டாங்கச்சியில் அவள் தொங்கவிட்ட இலை மட்டும் ஆடியது. ஒரு கோடு, இரண்டு, மூன்று.

பட்டத்தை விட்டாள். அது விறுவிறுவென்று ஏறிக் கடல் மேல் போயிற்று. தன் இறகு ஒன்றுகூட அசையாததைப் பார்த்த காக்காய் பயந்துபோய், "காத்தே இல்லையேடி, எதுல ஏறுது? அறுத்து விடு" என்றது. அவள் கேட்பாளா? கயிறு கனத்தது, இழுத்தாள். கைக்கு வந்த கயிறு நனைந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புக் கரித்தது. பிறகு அந்த முனையிலிருந்து யாரோ மூன்று தரம் சுண்டினார்கள். வீடு திரும்பினால் மாசன் வாசல் படலை அப்படித்தான் மூன்று தரம் தட்டுவான்.

அவன் உயிரோடு இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்படியோ வந்து சேரட்டும் என்று அழுதுகொண்டே இழுத்தாள். இன்னும் நாலு பாகம், கை விரித்து நாலு தரம் அளக்கும் கயிறுதான் பாக்கி. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், பாவி மகள்.

"நீங்கதானா?" என்றாள்.

கயிறு தொய்ந்தது. பட்டம் சொட்டச் சொட்ட அலையோரம் விழுந்தது.

இலையை மரத்திடமே கொண்டுபோய், அவர் இன்னொரு தரம் வந்தால் காட்டு, இந்த முறை கேட்கமாட்டேன் என்று கெஞ்சினாள். மரம் மனமிரங்கி அதைக் கிளையில் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து மற்ற இலைகளும் நீண்டன.

அன்று முதல்தான் அரசிலைக்கு வால் வந்தது. காற்றே இல்லாத நண்பகலில் ஒரே ஓர் இலை துடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அப்போதெல்லாம் எங்கள் கரைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.