முதலில் வந்தவர் கல்

“கல்லு ரெடி, அம்மா. நடத்தான் விடமாட்டேங்காங்க.”

வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார் மாடக்கண்ணு. அறுபத்திரண்டு வயதுக் கல்தச்சர்.

மடத்து அம்மா வெயிலுகந்தாளுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் அம்மாதான் குரு, இவர்தான் சீடர். கூப்பிடுவது மட்டும் அண்ணாச்சி என்று.

“யாரு விடமாட்டேங்கா?”

“மேலத்தெருக்காரங்கதான். அவங்க பாட்டன்தான் ஊருக்கு முதல்ல வந்தானாம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு எட்டு நாள்தான் இருக்கு. அதுக்குள்ள எங்க கல்லு நின்னுட்டா முதல் மாலை எங்க வீட்டுக்கு. இல்லன்னா அவங்களுக்குப் போயிரும்.”

மூன்று மாதமாக வெட்டிய கல். முதல் வரி இதுதான்: ‘இம்மண்ணில் முதலில் குடியேறியவர் பேச்சிமுத்து.’ இவருக்கு ஏழாம் பாட்டன். கீழே வாரிசுகள் வரிசையாக. கடைசியில், கொஞ்சம் பெரிய எழுத்தில், மாடக்கண்ணு.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

“மடத்துக்குப் பின்னால பரம்பு மேட்டுல நட்டுக்கோங்க. நம்ம இடம், எவனும் கேக்க முடியாது. குழியை மட்டும் நீங்களே தோண்டணும்.”

மாடக்கண்ணுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மேடு முழுக்கச் செம்மண் சரளை. முழங்கால் ஆழத்தில் கடப்பாரை எதிலோ இடித்தது. மண்ணைத் தள்ளிப் பார்த்தார். ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தாழி. உள்ளே எலும்பு.

மூடிவிட்டுப் பத்தடி தள்ளித் தோண்டினார். அங்கேயும் தாழி.

“அம்மா, இங்க பூரா அந்தக் காலத்து ஆளுங்களைப் புதைச்சிருக்கு.”

“அப்படியா? வேற இடம் பாருங்க.”

மாடக்கண்ணு லேசில் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் விடிந்ததும் மேட்டின் அடுத்த கோடிக்குப் போனார். கை கொப்பளித்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு தோண்டினார். இடுப்பளவு போயும் ஒன்றும் தட்டவில்லை. அப்பாடா என்று ஓங்கிப் போட்டதுதான், ஓடு உடைந்தது.

சின்னத் தாழி. உள்ளே உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கிண்ணம். அதில் கொஞ்சம் நெல் உமி. பிள்ளைக்குப் பசிக்குமே என்று யாரோ வைத்தது.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினார்.

“யாரும்மா இவங்க?”

“என்கிட்ட கேட்டா? முதல்ல வந்தவங்க நீங்க. நீங்கதான் சொல்லணும்.”



மாடக்கண்ணு திரும்பிப் போய்க் கிண்ணத்தை எடுத்த இடத்திலேயே வைத்தார். நேராகக் கல்லிடம் போய் உளியைப் பிடித்தார். பொழுது சாய்வதற்குள் முதல் வரி பொடிப்பொடியாக உதிர்ந்தது. முதல் மாலையும் அதோடு போயிற்று. நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனால் கையை நிறுத்தவில்லை. முடித்ததும் அம்மாவைக் குழியருகே கூட்டிவந்தார்.

“அழிச்சாச்சு, அம்மா. மாலை மேலத்தெருவுக்கே போகட்டும். அந்த வரி இருந்த இடத்துல, இந்தப் பிள்ளையோட சனந்தான் முதல்ல வந்ததுன்னு வெட்டிருதேன். அதான உண்மை?”

வெயிலுகந்தாள் குழியின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இடுப்பளவுதான தோண்டியிருக்கீங்க, அண்ணாச்சி.”