சிவப்புக் குடத்துப் பாக்கு

முன்னொரு காலத்திலே கொன்றையூர் நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் கண் விழிக்கும்போது மனசில் என்ன தோன்றுகிறதோ, அன்று முழுக்க அதுதான் சட்டம். எல்லைப் போரில் முன்னே நின்று வாள் பிடித்தவர் என்பதால் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். போர் முடிந்து பல வருஷமாகியும் இரண்டு ராணிகளுக்கும் பிள்ளையில்லை. ராணிகளின் ராசி அப்படி என்று ஊர் பேசியது. மூன்றாம் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாகிவிட்டது. பெண், காணி அதிகாரி மார்த்தாண்டப்பரின் மகள். ராஜாவுக்கு மாமனாராகப் போகிறவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். போரில் காயம்பட்டவனுக்கு உதிரக்காணி என்று நிலம் கொடுப்பார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், போருக்குப் போனவர்கள் எல்லோரும் சபையில் கூடுவார்கள். காணி கேட்பவன் எல்லோர் முன்னாலும் காயத்தைக் காட்டவேண்டும். கட்டியக்காரன் 'தோளில் வெட்டு', 'தொடையில் அம்பு' என்று உரக்கச் சொல்வான். ராஜா தலைப்பாகை கட்டிவிடுவார்.

குதிரைப்படைச் சடையாண்டிக்குக் காட்டக் காயம் இல்லை. அம்பு பட்டு விழுந்த குதிரை அவன் இடுப்பின் மேலேயே விழுந்து நசுக்கியது. வெளியே தோல் ஆறிவிட்டது. உள்ளே ஆண்மை போய்விட்டது. பாசறை வைத்தியர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார். பிறகு அந்த வைத்தியரும் செத்துப்போனார். சடையாண்டிக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது.

அவன் வாயைத் திறக்கவில்லை. பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டவள் அவன் பெண்டாட்டி ஆவுடை. மலடி என்று வளைகாப்பு வீடுகளில் அவளை வாசலோடு நிறுத்தினார்கள். பாவி மகள், புருஷனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளைத் தள்ளிவைத்து வேறு பெண் கட்டவேண்டும் என்று அண்ணன்மார் பேச்செடுத்தபோதுதான், அவன் வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. பெண்டாட்டிக்காகப் பொய் சொல்கிறான் என்றார்கள். ராஜாவே உதிரக்காணி கொடுத்தால் அப்புறம் ஊர் மறுபேச்சுப் பேசாது.

முதல் வருஷம் போனான். தழும்பு எங்கே என்று கேட்டு மார்த்தாண்டப்பர் திருப்பி அனுப்பினார். மறுவருஷம் வைத்தியரைக் கூட்டிவரச் சொன்னார். செத்தவரை எங்கே போய்க் கூட்டிவருவது? இந்த வருஷம் ராஜாவிடமே முறையிட வந்தான். இந்தத் தடவையும் இல்லையென்றால் தை பிறந்ததும் ஆவுடை பிறந்த வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தான். சபையில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ராஜாவும் சிரித்தார்.

மார்த்தாண்டப்பர் எழுந்தார். "பிரபு, இப்படியொரு காயம் போரில் உண்டென்றால், இத்தனை வருஷத்தில் இன்னொருவன் வந்திருக்க மாட்டானா? அப்படி ஒருவன் இருந்தால் என் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுகிறேன்."

ராஜாவுக்கு அன்றைய குணம் அப்படி. பெண்டாட்டியைக் கூட்டிவந்து சபையில் சொல்லவை என்று உத்தரவு போட்டார்.

"அவ பட்டது போதும் மகராசா. எனக்குக் காணி வேண்டாம்" என்றான் சடையாண்டி. திரும்பி நடந்தான்.

மந்திரி அம்பலக்கூத்தர் அவனை நிற்கச் சொன்னார். மார்த்தாண்டப்பருக்கு இந்த மந்திரியைக் கண்டாலே ஆகாது. ஆனால் மந்திரியோ, அதிகாரி கேட்டது நல்ல கேள்வி, போருக்குப் போனவர்களையே கேட்டுவிடலாம் என்றார். திரை கட்டி, அதற்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடமும் ஒரு சிவப்புக் குடமும் வைக்கச் சொன்னார். சத்தம் கேட்காமலிருக்க இரண்டுக்குள்ளும் பஞ்சு. ஆளுக்கொரு கொட்டைப்பாக்கு. தனியாகப் போகவேண்டும். அந்தக் காயம் பட்டவன் சிவப்பில் போடலாம், மற்றவர்கள் கறுப்பில். வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். சரி என்றார்.

ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். கடைசி ஆளும் வந்தபின் மந்திரி ஒரு பாக்கை ராஜாவிடம் நீட்டினார்.

"போருக்குப் போனவர்கள் எல்லோரும் என்றுதானே பேச்சு, பிரபு."

ராஜா சிரித்துக்கொண்டேதான் போனார். வெளியே வர வெகுநேரம் ஆனது. வந்தபோது சிரிப்பு இல்லை. அந்த நடையைச் சடையாண்டிக்குத் தெரியும். வைத்தியரின் கூடாரத்திலிருந்து அன்று அவன் வெளியே வந்த நடை.

சிவப்புக் குடத்தைச் சபை நடுவில் கவிழ்த்தார்கள். பாக்குகள் உருண்டு தூண்வரைக்கும் போயின. சற்றுமுன் பலமாகச் சிரித்தவர்களில் சிலர் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரிய மீசைக்காரத் தளபதி ஒருவர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் மலடிப் பட்டம் சுமந்தார்களோ, நினைத்தால் வயிறு எரிகிறது.

மார்த்தாண்டப்பர் தாமாகவே மோதிரத்தைக் கழற்றினார். ராஜா அவரைப் பார்த்து, "குனிந்து இதையெல்லாம் பொறுக்கும். ஒன்றுகூடக் காலில் மிதிபடக்கூடாது" என்றார். பிறகு இறங்கி வந்து சடையாண்டிக்குத் தலைப்பாகை கட்டினார்.

கட்டியக்காரன் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தான். "போரில் பட்ட காயம் என்று சொல். எங்கே என்று இனி இந்தச் சபையில் யாரும் கேட்கவேண்டாம்" என்றார் ராஜா. மந்திரிக்கு முத்துமாலை கொடுத்தார். மந்திரி அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

சடையாண்டி வெளியே வந்தபோது அரண்மனை வாசலில் கல்யாணப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாழை மரங்களைப் பிடுங்கி வண்டியில் ஏற்றினார்கள். ஏன் என்று ஆட்களுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. மேலே சாளரத்தில் மூத்த ராணி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சடையாண்டிக்கு உதிரக்காணி என்று ஊரில் தண்டோரா போட்டார்கள். அண்ணன்மார் அதற்கப்புறம் வேறு பெண் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஆவுடை அத்தனை வருஷத்து அழுகையையும் அன்றைக்கு அழுது தீர்த்தாள். காணி வந்ததே தவிர தொட்டில் வரவில்லை. அந்தத் துக்கம் அவர்களோடேயே இருந்தது. சபையில் நடந்ததையெல்லாம் அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். பந்தலை ஏன் பிரித்தார்கள் என்று அவள் கேட்டபோது மட்டும், தெரியவில்லை என்று சொல்லிவிட்டான்.