திரும்பாத எலக்ட்ரான்

"சிலிக்கான் சிப் மேல இருக்கிற இந்தக் காந்தத்தை எடுத்துடணும் மேடம்," என்றார் தணிகைவேல்.

பேராசிரியர் ஹமீதா நிமிர்ந்து பார்த்தார். தணிகைவேல் அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒற்றை எலக்ட்ரானின் சுழற்சியில் ஒரு சேதியைப் பிடித்துவைக்கக் கற்க வேண்டும் என்று, ரேடார் வேலையை உதறிவிட்டு ஹமீதாவிடம் மாணவராகச் சேர்ந்தவர்.

"ஏன்?"

"சிலிக்கான்ல எங்கேயோ ஒரு மின்னூட்டம் லேசா அசையுது. காந்தம் அந்த அசைவை எலக்ட்ரான் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்குது. கண்மூடித் திறக்கிறதுக்குள்ள சேதி கலைஞ்சுடுது. இரைச்சலுக்கு வழி விடுறதே இந்தக் காந்தம்தான்."

"சரிதான்."

வாதாடத் தயாராக வந்தவருக்கு அந்தச் 'சரிதான்' இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"அப்புறம் ஏன் வைக்கச் சொன்னீங்க?"

"எடுத்துப் பாருங்க. ஆனா குளிர்விப்பான் நமக்கு இந்த ஒரு தடவைதான் கிடைக்கும். தவறினா அடுத்த வருஷம்."

"தெரியும்."

காந்தம் இல்லாத சிப்பை அவரே செய்து குளிர்விப்பானில் இறக்கினார். சிப் உறைகுளிருக்குப் போய்ச் சேரும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை.

எலக்ட்ரானின் சுழற்சியை மேல்நோக்கி நிறுத்தினார். காத்திருந்தார்.

விழவில்லை.

ஓடிப்போய் ஹமீதாவை அழைத்துவந்தார். "பாருங்க மேடம்! அசையவே இல்ல."

ஹமீதா திரையைப் பார்த்தார். நிஜமாகவே முகம் மலர்ந்தது.

"அழகா இருக்கு. சேதி எழுதணும்னா திருப்பணுமே, இப்ப அதைத் திருப்புங்க."

தணிகைவேல் மைக்ரோவேவ் சிக்னலை அனுப்பினார். எலக்ட்ரான் திரும்பவில்லை.

அதிர்வெண்ணை மாற்றினார். திரும்பவில்லை.

"காந்தம் இல்லாட்டியும் நம்ம சிக்னலை எலக்ட்ரான் வரைக்கும் கொண்டுபோக சிலிக்கானுக்கே கொஞ்சம் பிடிப்பு உண்டு மேடம். அது போதும்னுதான் கணக்குப் போட்டேன்." சிக்னலைக் கூட்டினார். இன்னும் கூட்டினார்.

திரையில் வெப்பநிலைக் கோடு ஏறத் தொடங்கியது. எச்சரிக்கை மணி அலறியது. இன்னும் சற்று ஏறினால் சேர்த்த குளிர் மொத்தமும் பாழ்.

ஹமீதா தடுக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கேக்க மாட்டேங்குதே!" மணியை மீறிக் கத்தினார் தணிகைவேல்.

"யார் பேசினாலும் கேக்காத மாதிரிதானே செஞ்சிருக்கீங்க?"

தணிகைவேலின் விரல் சிக்னல் குமிழின் மேலேயே நின்றது. பிறகு சிக்னலை மெதுவாக இறக்கினார். மணி ஓய்ந்தது.

"ஒரு வருஷம் போச்சு," என்றார்.



தணிகைவேல் குறிப்பேட்டில் புதிய பக்கத்தைத் திருப்பினார். அப்புறம் கேட்டார்:

"எவ்வளவு இரைச்சலை மேடம் தாங்கிக்கலாம்?"