ஓலையில் இல்லாத பத்தாவது பொருள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. எந்தக் காலம், எந்த ராஜ்யம் என்று கேட்காதீர்கள். கேட்டால் வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்ல வேண்டி வரும், அது பொய்யாய்ப் போகும். ராஜா ஒருவர் இருந்தார், அவருக்கு வேலை குறைவாக இருந்தது. அது மட்டும் நிச்சயம்.

அவர் பேர் கண்டராயர். ஒருநாள் காலை, தம்முடைய மல்லர்களைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் திடீரென்று தோன்றியது. சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுவிட்டார். மல்லர் கூடத்தில் பதினொரு பேர் பயிற்சியில் இருந்தார்கள். இரண்டு பிடி பிடிப்பதற்குள் பதினொரு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஒருவன் கீழே விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அங்கேயே சௌகரியமாகப் படுத்துக்கொண்டான்.

ராஜாவுக்கு முகம் சுருங்கியது. அப்போது கூடத்துக்குப் பின்னால் இருந்த குளத்தில் ஒரு மீன் துள்ளியது. மீனா அது? கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. விழுந்த வேகத்தில் தண்ணீர் ராஜாவின் மீசை வரைக்கும் தெறித்தது.

"இதென்ன மீன்! இதற்கு யார் தீனி போடுவது?"

மல்லர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராஜாவுக்குப் பக்கத்தில் நின்ற பூவாண்டிதான் பேசினான். பூவாண்டி சபையின் விகடன். ஒல்லி ஆள், வாய் மட்டும் பெரிது.

"தாங்கள்தான் போடுகிறீர்கள் மகாராஜா. மல்லர்களுக்கென்று தாங்கள் அளக்கும் சாப்பாடு முழுக்க இங்கேதான் வந்து சேருகிறது. பேசாமல் திருவிழாவுக்கு இந்த மீன்களையே களத்தில் இறக்கிவிடலாம். பக்கத்து நாட்டானுக்குப் பிடி கிடைக்காது, வழுக்கும்."

திருவிழாவுக்கு நாற்பது நாள் இருந்தது. அன்று பக்கத்து நாட்டு மல்லர்களோடு ஐந்து போட்டி. போன வருஷம் ஐந்திலும் தோல்வி. அந்த நாட்டில் மலைமுழுங்கி என்று ஒருவன் இருந்தான். அவன் போன வருஷம் நம் ஆளைத் தூக்கிப் போட்ட இடத்தில் இன்னும் பள்ளம் இருக்கிறது என்று சொல்வார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

ராஜா சிரிக்கவில்லை. சபை கூடியது.

மல்லர் சாப்பாட்டுக்கு ஓலை எழுதியவர் திருமேனிப் பண்டிதர், அரண்மனை வைத்தியர். அவருக்கும் பூவாண்டிக்கும் ஆகாது. ராஜா தம் வைத்தியத்தில் தூங்கிவிடுகிறார், இவன் பேச்சில் விழித்துக்கொள்கிறார் என்று பண்டிதருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, ஓலையில் பிழை இல்லை," என்றார் பண்டிதர். "கொள்ளு, கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, பாகற்காய், மிளகு, தயிர், நல்லெண்ணெய், உப்பு. ஒன்பது பொருள். உடம்பை இரும்பாக்கும் ஒன்பது. இதில் அதிகப்பட்டதும் இல்லை, விட்டுப்போனதும் இல்லை. நாக்கை வளர்த்த மல்லர்களிடம்தான் பிழை."

"நாக்கு இல்லாத மல்லன் எங்கே கிடைப்பான் பண்டிதரே?" என்றான் பூவாண்டி. "சொல்லுங்கள், மீன்குளத்தில் தேடலாம்."

சபை சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரைக்கும் பண்டிதர் காத்திருந்தார். அப்படிக் காத்திருக்கிறவனைத்தான் நான் நம்பமாட்டேன்.

"விகடருக்கு நாக்கின் அருமை தெரிகிறது. அப்படியானால் அவரே இந்தச் சாப்பாட்டுக்கு ருசி உண்டாக்கட்டும். ஏழே நாள். ஆனால் ஓலையில் உள்ளதில் ஒரு மணி குறையக்கூடாது. ஓலையில் இல்லாதது ஒரு துளிகூடச் சேரக்கூடாது. வெல்லம் போட்டு யாரும் ருசி காட்டிவிடலாம்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. "நல்லது. எட்டாம் நாள் நாமே வருவோம். பதினொரு மல்லரும் நம் கண்முன்னால் இன்னும் போடு என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால், பூவாண்டி, திருவிழாவில் மலைமுழுங்கியோடு நீ மோதுவாய்."

பூவாண்டி அந்தப் பள்ளத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்தான். இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு ஒன்று கேட்டான். "உத்தரவு மகாராஜா. அந்த ஓலைக்குத் தங்கள் முத்திரை வேண்டும். சமையல்கூட வாசலில் ஒரு காவலும் வேண்டும். ஓலையை மீறி எது உள்ளே போனாலும் நிறுத்த வேண்டும். நாளைக்கு என்மேல் பழி வரக்கூடாது பாருங்கள்."

பண்டிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவரே முந்திக்கொண்டு தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் பூவாண்டியின் பெண்சாதி அங்காயி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்யா, உனக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கவே முடியாதா? அந்தத் தடியன் உன்னத் தொட்டான்னா, உன் எலும்ப நான் முறத்துலதான் பொறுக்கிட்டு வரணும்."

"பெரிய முறமா எடுத்து வை," என்றான் அவன். ஆனால் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கூடத்துச் சமையலறைக்குப் போனான். அங்கே ஒரு பானை; ஆள் இறங்கிக் குளிக்கலாம். ஒன்பது பொருளையும் அதில் கொட்டி, எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றி, உச்சி வெயில் ஏறும் வரைக்கும் கொதிக்க விட்டிருந்தார்கள். நிறம் ஏரிச் சேறு. ஒரு அகப்பை எடுத்து வாயில் வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஏம்ப்பா, இதை நீ தின்னு பார்த்திருக்கியா?" என்று சமையல்காரனைக் கேட்டான்.

"நான் எதுக்குங்க திங்கணும்? கிண்டுறதுதான் என் வேலை."

"பண்டிதர்?"

"அவர் எழுதுறதோட சரி."

"அப்போ யாருதான் ருசி பார்க்கிறது?"

மூலையில் ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். பேர் சொக்கு. விஷம் கலந்திருக்கிறதா என்று முதலில் சாப்பிட்டுப் பார்ப்பது அவன் உத்தியோகம். அவன் ஒரு வாய் விழுங்கினான், கண்ணை மூடி நூறு எண்ணினான், "சாகல," என்றான். பரிமாறினார்கள்.

"பெரியவரே, ருசி எப்படி?"

"அத யாரும் கேட்டதில்லையே தம்பி. செத்தனா இல்லையான்னுதான் கேட்பாங்க."

பூவாண்டிக்கு இது விசித்திரமாக இருந்தது. ஒரு ராஜ்யமே சேர்ந்து ஒரு சாப்பாட்டைச் செய்கிறது, அது எப்படி இருக்கிறதென்று தெரிந்தவர்கள் அதைக் குளத்தில் கொட்டுகிறவர்கள் மட்டும். அவர்களிடமே கேட்டுவிடலாம் என்று, ஒன்பது பொருளையும் ஒன்பது இலைத்துண்டில் வைத்து மல்லர்கள் முன்னால் பரப்பினான். மல்லர்களுக்குத் தலைவன் கருத்தமலை. ஆள் பேருக்கு ஏற்ற மாதிரி இருந்தவன்தான், இப்போது எலும்பு தெரிந்தது.

"கருத்தமலை, இதுல உனக்கு எது ஆகாது? காட்டு."

கருத்தமலை கொள்ளை எடுத்து மோந்து பார்த்தான். "இது வறுத்தா நல்லாத்தான் இருக்கும்ணே."

"எள்ளு?"

"எள்ளு யாருக்கு ஆகாது?"

"பாகற்காய்?"

"எங்க ஆத்தா மோர்ல போட்டுக் காயவச்சு வறுத்துத் தரும். அதுக்காகவே ரெண்டு உருண்டை கூடத் திம்பேன்."

ஒன்பதையும் பார்த்தாயிற்று. ஒன்பதும் தேவலை என்றார்கள். பூவாண்டி தாடையைச் சொறிந்துகொண்டான். நல்ல பொருள் ஒன்பது உள்ளே போகிறது, கெட்ட பொருள் ஒன்று வெளியே வருகிறது. அப்படியானால் நடுவில் ஏதோ ஒன்று புகுந்து கெடுக்கிறது. அடுத்த நாள் பானைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து, என்னென்ன உள்ளே விழுகிறதென்று விரல் விட்டு எண்ணினான். ஒன்பது விரலோடு நிற்கவில்லை. பத்தாவது விரலும் மடங்கியது. எழுந்து வீட்டுக்கு ஓடினான். அன்று நன்றாகச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் காலை. சமையல்கூட வாசலுக்குக் காவல் அன்றுதான் வந்தது; காவல்காரன் வீரணன் முத்திரை ஓலையோடு நின்றான். வீரணனுக்கு மூளை கொஞ்சம், விசுவாசம் நிறைய. கொள்ளு மூட்டை வந்தது; எழுத்துக் கூட்டிப் படித்து உள்ளே விட்டான். எள் வந்தது; விட்டான். பிறகு எட்டுப் பெண்கள் இடுப்பில் குடத்தோடு வந்தார்கள்.

"இது என்ன?"

"தண்ணிண்ணே."

வீரணன் ஓலையை மேலிருந்து கீழே படித்தான். கீழிருந்து மேலே படித்தான். "இதுல தண்ணி இல்லையே."

"விளையாடாதீங்க, சமையலுக்குத் தண்ணி!"

"ஒரு துளிகூடக் கூடாதுன்னு ராசா சொல்லியிருக்கார். நீங்க எட்டுக் குடம் கொண்டாந்திருக்கீங்க. போங்க, போங்க. குடிக்கிற தண்ணின்னா வெளியில தொட்டியில ஊத்துங்க. உள்ள விடமாட்டேன்."

சமையல்காரன் தலையில் அடித்துக்கொண்டு பண்டிதரிடம் ஓடினான். பண்டிதர் ராஜாவிடம் வந்தார். பூவாண்டி அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான்.

"மகாராஜா," என்றான், "ஓலையில் விட்டுப்போனது ஒன்றுமில்லை என்று பண்டிதர் சபையில் சொன்னார். அவ்வளவு பெரிய மனிதர் தண்ணீரை மறந்திருப்பாரா? வேண்டாம் என்றுதான் எழுதவில்லை. அப்படித்தானே பண்டிதரே? மறந்துவிட்டேன் என்றால் சொல்லிவிடுங்கள், எழுதிச் சேர்த்துக்கொள்வோம். மனிதன்தானே."

பண்டிதருக்கு அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. சபையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இல்லாமல் இவன் எப்படிச் சமைக்கிறான் பார்ப்போம், தானாகவே குழியில் விழுந்தான் என்று எண்ணிக்கொண்டு, "மறக்கவில்லை," என்றார்.

தப்பை ஒத்துக்கொள்வதற்குப் பதில் படித்தவர்கள் எதையும் செய்வார்கள்.

அன்றைக்குப் பூவாண்டி தட்டிய கேழ்வரகு அடை செருப்பு மாதிரி வந்தது. கருத்தமலை அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இத மலைமுழுங்கி மேல எறியலாம்," என்றான். இன்னும் நாலு நாள். பூவாண்டி வீட்டுக்கு ஓடினான். போய் அங்காயியைக் கூட்டிவந்தான்.

அவள் செருப்பைத் தட்டிப் பார்த்தாள். "பிசைஞ்ச உடனே தட்டினா இப்படித்தான் வரும். புளிச்ச தயிரா ஊத்திப் பிசைஞ்சு, ஈரத்துணி மூடி... இல்ல, அந்தக் காவக்காரன் துணியையும் பிழிஞ்சு பார்ப்பான். வாழையிலையால மூடி ஒரு நாழிகை ஊற வை. தள்ளு, தள்ளு."

குளத்தங்கரையிலேயே அலசி, உதறி உலர்த்திய முருங்கைக்கீரையை மாவில் அள்ளிப் போட்டாள். நல்லெண்ணெய் தொட்டுக் கல்லில் மெல்லிசாகத் தட்டினாள். கொள்ளையும் எள்ளையும் மிளகையும் தனித்தனியாகச் சிவக்க வறுத்து, உப்புச் சேர்த்துக் கொரகொரவென்று பொடித்தாள். பாகற்காயை வட்டமாக அரிந்து தயிரில் புரட்டிக் கூரைமேல் காயப்போட்டாள். எள் வறுபட்ட வாசனை கூடத்தைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. ஐந்தாம் நாள் மல்லர்கள் கூப்பிடாமலே சமையலறை வாசலுக்கு வந்து நின்றார்கள். வீரணன் ஓலையைப் பார்த்து, "இதுல மல்லர் இல்ல," என்று திருப்பி அனுப்பினான்.

எட்டாம் நாள் ராஜா வந்தார். பண்டிதரும் வந்தார். மல்லர்கள் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். முதலில் சொக்கு.

சொக்கு ஒரு துண்டு அடையைப் பொடியில் தோய்த்து வாயில் போட்டான். கண்ணை மூடினான். நூறு எண்ணினான். எல்லோரும் காத்திருந்தார்கள். கண்ணைத் திறந்து இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான். பிறகு மூன்றாவது.

ராஜா கவலையோடு கேட்டார். "என்ன சொக்கு, விஷமா?"

"இன்னும் தெரியலீங்க மகாராசா. இன்னும் ரெண்டு குடுத்தாச் சொல்லுவேன்."

பிறகு மல்லர்களுக்குப் பரிமாறினார்கள்.  பாகற்காய் வற்றல் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. கருத்தமலை இலையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தான். ராஜா இருப்பதையே மறந்துவிட்டான். "அண்ணே, இன்னும் போடுங்க. அந்தப் பொடியையும் இந்தப் பக்கம் தள்ளுங்க." மற்ற பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.

"அளவு மீறுகிறது!" என்று பண்டிதர் எழுந்தார்.

"இல்லை பண்டிதரே. ஆளுக்குள்ள அளவில் பாதியைத்தான் முதலில் வைத்தேன். மீதிப் பாதி இதோ."

"வெல்லம் சேர்த்திருக்கிறான் மகாராஜா! ஏதோ ஒன்று சேர்த்திருக்கிறான்!"

வீரணனைக் கூப்பிட்டார்கள். "ஓலையில இல்லாதது ஒண்ணுமே உள்ள போகலீங்க. இன்னிக்குக் காலையில ஒரு கொசு போகப் பார்த்தது, அதையும் விடல," என்றான் அவன்.

ராஜா பூவாண்டி பக்கம் குனிந்தார். அவருக்கு உண்மையிலேயே அறிய ஆசையாக இருந்தது. "நாமும் யோசித்துப் பார்த்தோம், புரியவில்லை. அதே ஒன்பது. அதே அளவு. நீ சேர்த்ததுதான் என்ன?"

"ஒன்றும் சேர்க்கவில்லை மகாராஜா. ஓலையில் இல்லாத பத்தாவது ஒன்று தினமும் எட்டுக் குடம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒன்பதும் அதில் மூழ்கிச் செத்தன. நான் தங்கள் உத்தரவை அப்படியே நிறைவேற்றினேன், அவ்வளவுதான். இத்தனை நாளாக உத்தரவை மீறியது யார் என்பதைப் பண்டிதர் சொல்வார்."

பண்டிதர் முகம் பானைச் சேற்றின் நிறத்துக்கு வந்தது.

"பண்டிதரே," என்றார் ராஜா, "உம்முடைய சாப்பாட்டை நீர் ஒருநாளாவது சாப்பிட்டதுண்டா?"

"நான் மல்லன் இல்லையே மகாராஜா."

"அதனால் என்ன? களத்தில் இறங்கினால் ஆகிவிடலாம். மலைமுழுங்கிக்கு ஆள் தேவைப்படுகிறது."

பண்டிதர் இரண்டடி பின்னால் போனார். பூவாண்டிதான் குறுக்கே வந்தான். "வேண்டாம் மகாராஜா, அவர் எலும்பைப் பொறுக்க எங்கள் வீட்டு முறம் போதாது. இனிமேல் அவர் எழுதுகிற சாப்பாட்டை முதல் பந்தியில் உட்கார்ந்து அவரே சாப்பிடட்டும். விஷம் இருக்கிறதா என்று பெரியவர் சொக்கு பார்க்கட்டும். இவர் ருசியைப் பார்க்கட்டும்."

அன்றைக்கே ஒரு இலை போட்டார்கள். பண்டிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு வாய் தின்றார். பிறகு முகத்தைத் திருப்பவில்லை. இன்னும் போடு என்று வாயால் கேட்கவும் இல்லை; இலையை மட்டும் மெதுவாக முன்னால் நகர்த்தினார்.

திருவிழாவில் ஐந்தும் ஜெயித்தார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. நம்பாதீர்கள். மூன்றுதான். ஆனால் மலைமுழுங்கியைத் தூக்கிப் போட்டது கருத்தமலை. இந்தத் தடவை பள்ளம் கொஞ்சம் பெரிது என்று கேள்வி.

திருவிழா முடிந்த அன்று சபையில் ராஜா, "பூவாண்டி, கேள். எது வேண்டுமானாலும் கேள்," என்றார்.

"குளத்து மீன்கள் மகாராஜா. பாவம், இந்த நாற்பது நாளாக அவற்றுக்குத் தீனி இல்லை. மெலிவதற்குள் பிடித்துக்கொள்கிறேன்."

"அவ்வளவுதானா? எடுத்துக்கொள், எல்லாம் உனதே."

பூவாண்டி கும்பிட்டுவிட்டுப் போகவில்லை. அங்கேயே நின்று தலையைச் சொறிந்தான்.

"இன்னும் என்ன?"

"முத்திரை போட்ட உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறது. வீரணன் வாசலில் நிற்கிறான். அங்காயி அந்தச் சமையலறையில்தான் குழம்பு வைக்க வேண்டும். அதற்கு மட்டும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாமா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மடியில் விழுந்தது. அதை எடுத்துத் தலையில் வைக்க மறந்து, சாயங்காலம் குழம்புக்கு இலை போடச் சொல்லி ஆள் அனுப்பினார்.