சீனியம்மாள் வீட்டுக்கு மட்டும் வெள்ளம்

தாழமடை என்ற ஊரை வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் எடுக்க வந்த ஆளிடம், "ஊரைக் காகிதத்துல ஏத்திக் கொண்டுபோயிட்டா நாங்க எங்கய்யா குடியிருக்கிறது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் ஊர் இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஊருக்கு ஒரே தெரு. தெருவுக்கு முன்னால் காட்டாறு. மழைக்காலத்தில் அந்த ஆறு வீடுகளுக்குள் புகுந்து, பானை சட்டியை எல்லாம் தூக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு வருஷமும் தாழமடைக்காரர்கள் கூட்டம் போட்டு ஆற்றைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஆறு திருந்தவில்லை. அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். கடைசியில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார்.

இறங்காமலே பேசினார்.

"எல்லாத்தையும் அரசாங்கமே செய்ய முடியாது. நீங்களே கரை கட்டுங்க. தினமும் வீட்டுக்கு ஒரு ஆள் ஒரு கூடை மண் போடணும். போட்ட மண்ணை அவங்கவங்க சொந்தப் பொருள் மாதிரி பாதுகாக்கணும். மண் போடாதவங்களுக்கு இந்தக் கரையால எந்தப் பிரயோசனமும் இருக்கக் கூடாது."

பேச்சு முடிவதற்குள் ஜீப் நகர்ந்துவிட்டது. நானும் அதிகாரிகள் பேச்சை எத்தனையோ மேடையில் கேட்டிருக்கிறேன். அதை ஓர் எழுத்துக்கூட விடாமல் நிறைவேற்றிய ஊர் தாழமடை ஒன்றுதான்.

மறுநாள் காலையில் வீட்டுக்கு ஒரு கூடை மண் கரைக்கு வந்தது. பொழுது சாய்ந்ததும், ஊர்த்தலைவர் ஒச்சப்பன் தான் போட்ட மண்ணை அள்ளித் திரும்பவும் கூடையில் நிரப்பினார்.

"ஏன் மாமா அள்ளுறீங்க?" என்று கேட்டான் குப்புமுத்து. அவர் பக்கத்து வீட்டுக்காரன். எதிலும் சந்தேகம் கேட்காமல் இருக்க மாட்டான்.

"சொந்தப் பொருளை எவனாவது ராத்திரி வெளியில போட்டுட்டுத் தூங்குவானாடா?"

அது நியாயமாகப் பட்டது. எல்லாரும் அவரவர் மண்ணை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். காலையில் கொண்டுவந்து போட்டார்கள், மாலையில் அள்ளிப்போனார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. கரைதான் வளரவில்லை.

தெருவின் நடுவீட்டில் ஆடு வளர்த்துக்கொண்டிருந்த சீனியம்மாள் இதைப் பல நாள் பார்த்துவிட்டு, "ஏய்யா, மண்ணை அங்கனயே விட்டாத்தானே கரை உசரும்?" என்றாள்.

ஒச்சப்பன் யோசித்தார். "அப்படி ஒரு வழி இருக்கா?" என்று வியந்து, சீனியம்மாளுக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் போட்டார். அதன்பிறகு கரை மளமளவென்று எழும்பியது.

பாதிக் கரை எழும்பிய பிறகுதான் சீனியம்மாள் இதுவரை ஒரு கூடை மண்கூடப் போடவில்லை என்பதைக் குப்புமுத்து கவனித்தான். ஊரே அவள் வாசலில் போய் நின்றது.

"நான் மண் சுமக்கப் போனா என் ஆட்டை யாரு மேய்க்கிறது?" என்றாள் சீனியம்மாள். "எப்படியும் நீங்க கட்டத்தான் போறீங்க. உங்க வீடு நனையாட்டி என் வீடும் நனையாது. ஆறு எனக்குன்னு தனியா வருமா என்ன?"

ஊருக்குத் தலை சுற்றியது. அவசரக் கூட்டம் கூடியது.

"அவளுக்குப் பிரயோசனம் இருக்கக் கூடாதுன்னு அதிகாரி சொல்லிட்டாரு. இந்தக் கரையைக் கட்டினா அவ வீடும் காஞ்சுதானே கிடக்கும்?" என்றார் ஒச்சப்பன், கவலையோடு.

ஊரில் சட்டம் பேசுகிறவன் சுருளிவேல். அவன் எழுந்தான். "வெள்ளம் வர்ற அன்னைக்கு நாம ஆளுக்கு ஒரு குடம் தண்ணி கொண்டுபோய் அவ வீட்டுக்குள்ள ஊத்திரலாம்."

கைதட்டல் எழுந்தது. குப்புமுத்து மட்டும் கையை உயர்த்தினான்.

"அண்ணே, ஒருத்தன் தண்ணி ஊத்த வராம இருந்துட்டா? நாம ஊத்துற தண்ணியில அவனும் சும்மா சந்தோசப்படுவானே?"

"அவன் வீட்டுலயும் ஊத்துவோம்."

"அதுக்கும் ஒருத்தன் வரலைன்னா?"

சுருளிவேல் உட்கார்ந்துவிட்டான். பொழுது போய்க்கொண்டிருந்தது. இப்படியே போனால் கடைசியில் ஊர் முழுவதும் ஊருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும் என்று ஒச்சப்பனுக்கே தோன்றியது.

"தண்ணியை நாம ஏன்டா சுமக்கணும்? ஆறே சுமந்துக்கிட்டு வருதுல்ல. சீனியம்மா வீட்டுக்கு நேரா கரையில ஒரு வாசல் விட்டுருவோம். மண் போட்டவனுக்குக் கரை. போடாதவளுக்கு வாசல்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சீனியம்மாள் வீட்டின் அகலத்தைக் கயிற்றால் அளந்து, ஒரு விரல்கூட ஏமாற்றாமல் அதே அகலத்துக்குக் கரையில் வாசல் விட்டார்கள். அந்த மட்டுக்கு நாணயமானவர்கள். ஆறு குழம்பிவிடக் கூடாதே என்று ஒரு பலகையும் நட்டார்கள்: 'சீனியம்மாள் வீட்டுக்கு மட்டும்.'

சீனியம்மாள் பலகையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அடேய் கூறுகெட்டவங்களா! இதுவழியா வர்ற தண்ணி என் வீட்டோட நின்னுக்குமாடா?"

"நிக்கும்" என்றான் சுருளிவேல். "தீர்மானத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்ப அந்த வாசலை நானே அடைச்சுக்கிறேன். ஒதுங்குங்க."

"அதெப்படி? இத்தனை நாள் சுமக்காம இப்ப வந்து சுமந்தா, நாங்க முன்னாடி சுமந்ததுக்கு என்ன மரியாதை?"

அவள் வானத்தைப் பார்த்தாள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு, அடுப்பைச் சுமந்துகொண்டு ஊருக்குப் பின்னால் இருந்த பாறைமேட்டுக்குப் போய்விட்டாள்.

ஆறு வந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டே வாசலில் நுழைந்தது. சீனியம்மாள் வீட்டுக்குள் போய்ப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. உடனே வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று எல்லா வீட்டுக்கும் போனது. இந்த வருஷம் பானை சட்டியோடு திரும்பிப் போகவும் இல்லை. கரை தடுத்ததால் ஊருக்குள்ளேயே தங்கிவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் ஈர வேட்டியோடு கூட்டம் நடந்தது.

"ஆறு மேல தப்பு இல்ல" என்றார் ஒச்சப்பன். "எல்லாருக்கும் ஒரே கரைன்னு கட்டினோம் பாருங்க, அதுதான் தப்பு. பொதுன்னு ஒன்னு இருந்தாத்தானே ஒருத்தி அதுல ஓசியில ஒதுங்குவா? பிரிச்சுருவோம். அவனவன் வீட்டுக்கு அவனவன் கரை."

"அப்படின்னா அவளுக்கு?" என்றான் குப்புமுத்து.

"அவ மண்ணே போடலையேடா. ஒன்னும் கிடையாது."

தாழமடையில் இப்படியொரு கைதட்டலை யாரும் கேட்டதில்லை. கரையை இடித்தார்கள். மண்ணைக் கூடைக் கணக்கில் பங்கு பிரித்தார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டைச் சுற்றி, கூரை உயரத்துக்கு, நாலு பக்கமும் கரை எழுப்பிக் களிமண் பூசி, சொட்டு நீர் கசியாதபடி அடித்து இறுக்கினார்கள். யாரும் வாசல் விடவில்லை. வாசல் விட்டால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஏணி வைத்து ஏறி, ஏணி வைத்து இறங்கிக் குடித்தனம் நடத்தினார்கள். முட்டாள்கள் அனுபவத்திலிருந்து எதுவும் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்வது அபாண்டம்.

அடுத்த மழைக்காலத்தில் மலையில் மழை இல்லை. ஆறு முழங்காலைத் தாண்டவில்லை. மழை முழுக்க ஊருக்கு மேலேயே நின்று கொட்டியது.

சீனியம்மாள் வீட்டில் விழுந்த மழை, தடுக்க ஒன்றும் இல்லாததால், வாசலில் இறங்கிச் சரிவில் ஓடி ஆற்றில் விழுந்தது. மற்ற வீடுகளில் விழுந்த மழைக்குப் போக இடமில்லை. முதலில் அடுப்பு மிதந்தது. பிறகு கட்டில். பிறகு அனைவரும் ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். கரைக்குள் தண்ணீர் கூரையைத் தொட்டது.

சீனியம்மாள் மண்வெட்டியோடு ஓடிவந்தாள். "ஒச்சப்பண்ணே! கரையில ஒரு வெட்டு வெட்டுறேன், தண்ணி போயிரும்!"

"மண்வெட்டியைக் கீழ போடு!" என்று ஓட்டின் உச்சியிலிருந்து கத்தினார் ஒச்சப்பன். "மண் சுமந்தது நாங்க. வெட்டிவிட்டு, எங்க தண்ணியில ஓசியில கால் நனைக்கப் பாக்குறியா?"

"வீடு முங்கிப்போச்சேய்யா!"

"முங்கட்டுமே" என்றார் ஒச்சப்பன் பெருமையோடு. "ஆத்துத் தண்ணி ஒரு சொட்டு உள்ள வந்துச்சான்னு கேட்டுப் பாரு. அத்தனையும் சொந்தத் தண்ணி."

அப்போது பக்கத்து ஓட்டிலிருந்து குப்புமுத்து கூப்பிட்டான். அவன் முகம் வாடியிருந்தது.

"மாமா, ஒரு சங்கடம். உங்க ஓட்டுத் தண்ணி என் கரைக்குள்ள சொட்டுது. நாளைக்கு நான் அதை ஓசியில வச்சுக்கிட்டேன்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாது."

ஒச்சப்பன் எட்டிப் பார்த்தார். உண்மைதான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் எவன் இப்படி வாய்விட்டுச் சொல்வான்?

மிதந்து வந்த ஒரு சொம்பைப் பிடித்து, ஓட்டின்மேல் குப்புறப் படுத்து, குப்புமுத்துவின் கரைக்குள் கையை விட்டுத் தன் தண்ணீரை அள்ளித் தன் வீட்டுக்குள் ஊற்றத் தொடங்கினார்.

"பாத்து மாமா," என்றான் குப்புமுத்து, "என்னுதையும் சேத்து அள்ளிராதீங்க."