மண் படாத துறை

முன்னொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றை மகுடராயர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவையில் நாலு பேர் "ஆகா!" என்றால் போதும், வாயிலிருந்து சபதம் குதித்துவிடும். குதித்ததைத் திரும்பவும் விழுங்க மாட்டார்.

அவருடைய அவையில் சித்திரைவேலன் என்றொரு விகடகவி இருந்தான். மீனவர் குடியில் பிறந்தவன். எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பவன் அந்த மாதம் முழுக்கச் சிரிக்கவில்லை. கடற்கொள்ளையர் நாற்பது மீனவர்களைப் பிடித்துப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவன் தங்கை புருஷன் தெய்வேந்திரன்.

அதே கொள்ளையர் கடலுக்கு அப்பாலிருந்த தீவு நாட்டையும் விட்டுவைக்கவில்லை. "தீவு அரசரோடு பேசிப் பாருங்கள் பிரபு" என்று சித்திரைவேலன்தான் யோசனை சொன்னான். அங்கிருந்து சூரியவதி என்ற அம்மையார் தூதுவராக வந்தார். இரண்டு நாள் பேச்சு மளமளவென்று நடந்தது. இங்கிருந்து அரிசி போகும், அங்கிருந்து கப்பல் கட்ட மரம் வரும். கொள்ளையரை இரு நாட்டுப் படையும் சேர்ந்து விரட்டும் என்று முடிவாயிற்று.

மூன்றாம் நாள் காலை சூரியவதி, "எங்கள் போர்க்கப்பல்கள் இந்தக் கரையோரம் காவல் நிற்கும். மாலுமிகள் கால் ஊன்ற ஓர் இடம் தாருங்கள்" என்று கேட்டார்.

அமைச்சர் வல்லபராயர் துள்ளி எழுந்தார். விகடகவியின் யோசனை பலித்துவிடுமோ என்று மூன்று நாளாக அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"பிரபு! இன்று கால் ஊன்ற இடம் கேட்பவர்கள் நாளை அரண்மனையைக் கேட்பார்கள்!"

அவை "ஆமாம், ஆமாம்!" என்றது. அரசரின் மீசை துடித்தது. "அயல்நாட்டுப் படைக்கு என் மண்ணில் ஒரு பிடிகூடத் தர மாட்டேன். இது சபதம்!"

சூரியவதியின் முகம் வாடியது. "இடம் பெறாமல் முத்திரை வைக்காதே என்பது எங்கள் அரசரின் கட்டளை. மாலையில் என் கப்பல் புறப்படும்" என்றார்.

அரசர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வல்லபராயரோ இனிக்க இனிக்கச் சொன்னார்: "பேச்சைத் தொடங்கி வைத்தவர் விகடகவி. அவரே முடித்து வைக்கட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"சித்திரைவேலா! என் சபதமும் கெடக் கூடாது, அவர்கள் கட்டளையும் கெடக் கூடாது. மாலைக்குள் வழி காட்டு!" என்றார் அரசர்.

"உத்தரவு பிரபு" என்று சொல்லிவிட்டான். வெளியே வந்தான். தங்கைக்கு என்ன பதில் சொல்வது? இருவர் சொன்னதையும் முணுமுணுத்தபடியே கடற்கரைக்கு நடந்தான். 'மண்ணில் தர மாட்டேன்... கால் ஊன்ற இடம்...' சட்டென்று நின்றான். அடுத்த நொடி ஓட்டமெடுத்தான்.

"எல்லாரும் ஓடியாங்க! இருக்கிற கட்டுமரத்தையெல்லாம் தண்ணியில இறக்குங்க!"

"எதுக்குண்ணே இப்படிப் பறக்குறீங்க?" என்றாள் தங்கை.

"ஒன் புருஷனையும் மத்தவங்களையும் மீட்டுக் கொண்டாரத்தான், தாயி!"

அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. கட்டுமரங்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிணைத்தார்கள். மேலே பரப்பப் பலகை போதவில்லை. பெண்கள் வீட்டுக் கதவுகளையே கழற்றிக் கொண்டுவந்து போட்டார்கள்.

மாலையில் அரசரும் அவையும் வந்து பார்த்தபோது, கடல்மேல் கல்யாணப் பந்தல் அளவுக்கு ஒரு தளம் மிதந்துகொண்டிருந்தது. சித்திரைவேலன் தூதுவரின் பாதங்களுக்கு நீர் வார்த்து மேலே ஏற்றினான்.

"அம்மணி, கால் ஊன்ற இடம் கிடைத்ததா?"

சூரியவதி ஓங்கி மிதித்துப் பார்த்தார். "கிடைத்தது!"

"பிரபு, தங்கள் மண்ணில் ஒரு பிடியாவது போயிற்றா?"

"இல்லையே!" என்றார் அரசர். அவர் கண்கள் விரிந்தன.

"மோசடி!" என்று கத்தினார் வல்லபராயர். "இதன் நங்கூரம் நம் மண்ணில்தானே கிடக்கிறது?"

"நங்கூரமும் நம்முடையது, மண்ணும் நம்முடையது. நம் வீட்டுச் சாமான் நம் வீட்டில் கிடந்தால் யாருக்கு நஷ்டம், அமைச்சரே?"

கரையில் சிரிப்பு வெடித்தது. வல்லபராயருக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்தத் தளத்தில் மண் இல்லாமலா போகும்? இதோ காட்டுகிறேன்!" என்று ஈரமணலில் தடதடவென்று ஓடித் தளத்தில் தாவினார். குனிந்து குனிந்து தேடினார். "இதோ மண்! இங்கேயும் மண்! அதோ, அங்கேயும்!"

சித்திரைவேலன் கைகூப்பினான். "அமைச்சர் சொல்வது உண்மை பிரபு. அயல்நாட்டுக்கு நம் மண் போய்விட்டது. கொண்டுபோய்க் கொடுத்தவர் யார் என்று அவருடைய உள்ளங்காலைப் பாருங்கள்!"

தளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வல்லபராயரின் மணல் பாதம் வரிசையாகப் பதிந்திருந்தது. சூரியவதி அந்த மணலை முந்தானையில் வழித்து எடுத்துவந்து அரசரிடம் நீட்டினார். "அமைச்சர் எங்களுக்கு அளித்த கொடை. தங்கள் சபதத்தை மதித்துத் திருப்பித் தருகிறேன்."

அரசர் கிரீடம் நழுவச் சிரித்தார். அந்தத் தளத்திலேயே ஏறி நின்று உடன்படிக்கையில் முத்திரை வைத்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடகவிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"புறப்படும் முதல் கப்பலில் எனக்கோர் இடம் பிரபு."

"உனக்கு வாள் பிடிக்கத் தெரியாதே!"

"பிடிபட்டவர்களின் கட்டை அவிழ்க்கத் தெரியும்."

ஒன்பதாம் நாள் இரு நாட்டுக் கொடிகளோடு பதினொரு கப்பல்கள் திரும்பின. முதல் கப்பல் கரை தொடும் முன்பே நாற்பது பேரும் தண்ணீரில் குதித்து நீந்தி வந்தார்கள். தெய்வேந்திரனுக்குப் பின்னால் மூச்சு வாங்க நீந்தி வந்த விகடகவியை, அரசரே இடுப்பளவு நீரில் இறங்கிச் சிரித்தபடி கைகொடுத்துத் தூக்கினார்.